மாறு, மாற்று, மாற்றுவி: கார்ப் பந்தயத்தில் கைமுறைக் கியரும் தானியங்கிக் கியரும்

முன்னுரை

அறிவியல் செய்திகளைத் தமிழில் விளக்கும் பொதுச் சொற்பொழிவுத் தொடர் ஒன்றில், மொழியியல் பயின்ற ஒருவர் கார்களின் கியர் பெட்டியைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இப்பொருள் உட்லண்ட்ஸ் வட்டாரத்திற்குப் புதியதன்று. வாகனம் ஓட்டக் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது. கியர் தண்டும் கிளட்ச் மிதியும் உள்ள காரில் பயில்வதா, அவை இல்லாத காரில் பயில்வதா என்னும் கேள்வியுடன் இளையர்கள் அங்கே நுழைகின்றனர். ஜொகூர் செல்லும் பாலமும் இங்கேதான் தொடங்குகிறது. கார்ப் பந்தயத்தில் விருப்பமுள்ள சிங்கப்பூரர் பலர் இப்பாலத்தைக் கடந்துதான் மலேசியாவின் பந்தயத் தடங்களுக்குச் சென்றுவந்துள்ளனர். பாசிர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டிலும் சிப்பாங்கில் 1999ஆம் ஆண்டிலும் அத்தகைய தடங்கள் திறக்கப்பட்டன.

இவ்வட்டாரத்தில் கார் ஆர்வமுள்ள இளையர்கள் கூடுமிடத்தில் ஒரு விவாதம் ஓயாமல் நடக்கும்: பந்தயத்திற்கு எது சிறந்தது, கைமுறைக் கியரா, தானியங்கிக் கியரா? கைமுறையே வீரனுக்கு அழகு என்பார் ஒரு சாரார். கணினியின் வேகத்திற்குக் கை ஈடாகாது என்பார் மறு சாரார். இவ்விவாதத்தில் பொறியியல் பாதி, சொற்பொருள் மயக்கம் பாதி. அம்மயக்கத்தை நீக்கினால் பொறியியலும் தெளிவாகும். அதற்குத் தேவையான கருவி தமிழ் வினைச்சொற்களின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

1. சொற்களில் உள்ள மயக்கம்

முதலில் ‘ஆட்டோ’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘நான் ஆட்டோ ஓட்டுகிறேன்’ என்று சென்னையில் ஒருவர் சொன்னால் அவர் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்று பொருள். அதே தொடரைச் சிங்கப்பூரில் சொன்னால் கிளட்ச் மிதி இல்லாத கார் ஓட்டுபவர் என்று பொருள். ஒரே கடன்சொல், இரண்டு ஊர்களில் இரண்டு பொருள்.

இதைத் தமிழில் ‘தானியங்கி’ என்கிறோம். இலங்கை வழக்கில் ‘தன்னியக்க’ என்னும் அடை பெருவரவினது. இரண்டும் நல்ல ஆக்கங்களே. ஆனால் ‘தானியங்கிக் கார்’ என்னும்போது எது தானாக இயங்குகிறது என்பது தெளிவாவதில்லை. கியர் மட்டும் தானாக மாறும் காரையும், ஓட்டுநரே இல்லாமல் செல்லும் சோதனை வாகனத்தையும் இதே தொடரால் குறிக்கும் வழக்கம் செய்தித்தாள்களில் காணப்படுகிறது. முன்னதில் மனிதர் ஓட்டுகிறார், பின்னதில் ஓட்டுவதில்லை. விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விக்கு இவ்விரண்டிலும் விடை ஒன்றாக இருக்க இயலாது. எனவே இவ்வுரையில் ‘தானியங்கிக் கியர்’ என்றே சொல்வோம். காரைத் தானியங்கி என்று சொல்லமாட்டோம்.

‘தெருப் பந்தயம்’, ‘சாலைப் பந்தயம்’ ஆகிய தொடர்களிலும் மூன்று வேறு செய்திகள் கலந்துள்ளன. முதலாவது, சாலையில் ஓட்ட உரிமம் பெற்ற சாதாரணக் காரைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டுசென்று ஓட்டுவது. இரண்டாவது, பொதுச் சாலைகளை முறைப்படி மூடி அவற்றையே பந்தயத் தடமாக்குவது. மரினா பே பகுதியில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் இவ்வகை. மூன்றாவது, திறந்திருக்கும் பொதுச் சாலையில் அனுமதியின்றிப் போட்டியிடுவது, இது குற்றம். சொல் ஒன்றாக இருப்பதால் மூன்றும் ஒன்றன் நீட்சி மற்றொன்று என்ற எண்ணம் இளையர் மனத்தில் பதிந்துவிடக்கூடாது.

‘டிராக் பந்தயம்’ என்பதைச் சிலர் ‘இழுவைப் பந்தயம்’ என்று பெயர்க்கின்றனர். அங்கே எதுவும் எதையும் இழுப்பதில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் குறித்த தொலைவை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. மரபான தொலைவு கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். ஆதலின் ‘நேர்கோட்டுப் பந்தயம்’ என்பதே பொருளைத் தெளிவாக உணர்த்தும்.

2. கியர் பெட்டி எதற்கு?

பெட்ரோல் இயந்திரத்திற்கு இரண்டு குறைகள் உண்டு. அது நின்ற நிலையிலிருந்து சுமையை இழுக்கத் தொடங்க இயலாது. சுழற்சி வேகம் ஓரளவுக்குக் கீழே சென்றால் அணைந்துவிடும். மேலும், குறிப்பிட்ட சுழற்சி வேகங்களுக்கு இடையேதான் அது தன் முழு வலிமையையும் தரும். காரோ சுழிய வேகத்திலிருந்து நெடுஞ்சாலை வேகம்வரை செல்ல வேண்டும். இயந்திரத்தின் குறுகிய எல்லையையும் சாலையின் அகன்ற எல்லையையும் பொருத்தும் வேலையைச் செய்வது கியர் பெட்டி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு காரின் முதல் கியர் விகிதம் 3.5 எனவும், சக்கர அச்சிலுள்ள இறுதி விகிதம் 4 எனவும் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 14. இயந்திரம் 14 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். இயந்திரத்தின் முறுக்கு விசை 150 நியூட்டன் மீட்டர் என்றால், உராய்வு இழப்பைத் தள்ளிவைத்துப் பார்க்கையில், சக்கரத்திற்கு 2,100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஐந்தாம் கியர் விகிதம் 0.8 என்றால் மொத்த விகிதம் 3.2, சக்கரத்திற்குக் கிடைப்பது 480 மட்டுமே. ஆனால் சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டராக இருந்தால், இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழலும்போது முதல் கியரில் கார் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஐந்தாம் கியரில் 107 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்.

விசை வேண்டுமா, வேகத்தை விட்டுக்கொடு. வேகம் வேண்டுமா, விசையை விட்டுக்கொடு. இப்பண்டமாற்றே கியர் பெட்டியின் முழுத் தத்துவம். கைமுறைக்கும் தானியங்கிக்கும் இதில் வேறுபாடு இல்லை. பண்டமாற்று எப்போது நிகழவேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார், யார் செய்து முடிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

3. வினைச்சொற்கள் காட்டும் வழி

இவ்விடத்தில் இலக்கணம் நமக்கு உதவுகிறது. தமிழில் பல வினைகள் இணை இணையாக அமைந்துள்ளன: இயங்கு – இயக்கு, திரும்பு – திருப்பு, சுழல் – சுழற்று, ஓடு – ஓட்டு, மாறு – மாற்று. முன்னதைத் தன்வினை என்றும் பின்னதைப் பிறவினை என்றும் பள்ளியில் கற்கிறோம். அறிஞர் கு. பரமசிவம் தம் ஆய்வில் இவ்விணைகளை விரிவாக ஆராய்ந்தார். எழுவாய் அச்செயலுக்குத் தானே ஆட்படுகிறதா, அல்லது செயலைப் பிறிதொன்றின்மேல் செலுத்துகிறதா என்பதே இவ்விணைகளின் அடிப்படை வேறுபாடு என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். பிறரைக்கொண்டு செய்விப்பதைக் குறிக்க மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு: மாற்றுவி, ஓட்டுவி. மரபிலக்கணம் இதையும் பிறவினையுள் அடக்குவதுண்டு. இங்கே தெளிவு கருதிக் காரணவினை எனத் தனியே கொள்வோம்.

இப்போது கியர் பெட்டிக்கு வருவோம். கைமுறையில் ஓட்டுநர் கியரை மாற்றுகிறார். தானியங்கியில் கியர் மாறுகிறது. ஓட்டுநர் விரலால் ஆணையிட, எந்திரம் அதை நிறைவேற்றும் புதிய பந்தயக் கார்களில் அவர் கியரை மாற்றுவிக்கிறார். மூன்று தொழில்நுட்பங்களுக்கு மூன்று வினை வடிவங்கள். இளையர் விவாதத்தில் இடைவகைகளைத் தானியங்கி என்பதா கைமுறை என்பதா என்று எழும் குழப்பம் இப்பகுப்பில் தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் வரிசையாகக் காண்போம்.

4. மாற்றுதல்: கைமுறைக் கியர்

கைமுறைக் கியர் பெட்டியில் இரண்டு தண்டுகளின்மேல் பற்சக்கரங்கள் இணை இணையாக அமைந்திருக்கும். எப்போதும் ஓர் இணைதான் விசையைக் கடத்தும். வேறோர் இணைக்கு மாறவேண்டுமானால் இயந்திரத்திற்கும் கியர் பெட்டிக்கும் உள்ள தொடர்பைச் சற்றே அறுக்கவேண்டும். அதைச் செய்வது கிளட்ச். உராய்வுத் தட்டு ஒன்று இயந்திரத்தின் சுழல் சக்கரத்தோடு வில்லழுத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். மிதியை அழுத்தினால் அது விலகும். விட்டால் மீண்டும் ஒட்டும்.

பழைய கார்களில் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுநரே காதால் கேட்டுப் பொருத்தவேண்டியிருந்தது. தவறினால் பற்கள் உரசிக் கூச்சலிடும். 1928ஆம் ஆண்டு கடிலாக் நிறுவனம் வேகங்களைத் தாமே ஒத்திசைக்கும் கூம்பு வளையங்களை அறிமுகப்படுத்தியபின் இத்தொல்லை குறைந்தது. இன்று நாம் ‘கைமுறை’ என்று பெருமிதத்தோடு சொல்வதிலும் ஒரு பகுதி வேலையைப் பெட்டியே தானாகச் செய்கிறது என்பது கருதத்தக்கது.

கைமுறையின் நன்மைகள் தெளிவானவை. பெட்டி எடை குறைந்தது, அமைப்பு எளியது, பழுது பார்ப்பதற்குச் செலவு குறைவு, கிளட்ச் முழுமையாக ஒட்டிய நிலையில் ஆற்றல் இழப்பு மிகச் சிறிது. வளைவுக்கு முன்பே எந்தக் கியரில் நுழைவது என்று ஓட்டுநர் முன்னோக்கி முடிவெடுக்கலாம். எந்திரம் இந்த நொடியின் வேகத்தை அறியும். கண்ணோ அடுத்த வளைவைக் காணும்.

குறை ஒன்றே, ஆனால் பந்தயத்தில் அது பெரிது: மாற்றும் நேரத்தில் சக்கரத்திற்கு விசை செல்வதில்லை. ஒரு மாற்றத்திற்கு 0.3 நொடி என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அந்நேரத்தில் 8 மீட்டருக்கு மேல் உந்துதல் இல்லாமலே உருளும். கால் மைல் ஓட்டத்தில் மூன்று மாற்றங்கள் என்றால் ஏறத்தாழ ஒரு நொடி இயந்திரம் வேலை செய்யாமல் கழிகிறது. டர்போ பூட்டிய இயந்திரமானால், முடுக்கி மிதியை விடும்போதெல்லாம் காற்றழுத்தமும் குறைந்து மீண்டும் கூடவேண்டியிருக்கும்.

5. மாறுதல்: தானியங்கிக் கியர்

தானியங்கிக் கியரில் கிளட்ச் மிதி இல்லை; அதன் இடத்தில் முறுக்கு மாற்றி என்னும் திரவக் கருவி இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்று மற்றொன்றையும் சுழற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொண்டால் முறுக்கு மாற்றியின் அடிப்படை விளங்கும். இயந்திரம் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. எண்ணெய் மறு விசிறியைச் சுழற்றுகிறது. இடையிலுள்ள மூன்றாவது விசிறி, திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும் தருணத்தில் முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களுக்காக இதை வடிவமைத்து 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார்.

பெட்டியின் உள்ளே இருப்பது கோள் பற்சக்கரத் தொகுதி. இதன் பெயர்களே படம் வரைந்து காட்டுகின்றன: நடுவில் சூரியப் பற்சக்கரம்; அதைச் சுற்றிவரும் கோள் பற்சக்கரங்கள்; அவற்றைச் சூழ்ந்து உட்புறம் பற்களுடைய வளையம். சூரியனில் 30 பற்களும் வளையத்தில் 70 பற்களும் இருக்கட்டும். வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுழற்றினால், கோள்களைத் தாங்கும் சட்டம் 3.33க்கு ஒன்று என்னும் விகிதத்தில் மெதுவாகச் சுழலும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டால் வளையம் எதிர்த்திசையில் சுழலும். அது பின்னோக்கிச் செல்லும் கியர். இரண்டு உறுப்புகளை ஒன்றாகப் பூட்டினால் முழுத் தொகுதியும் ஒரே கட்டியாகச் சுழலும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கியர் மாறும்போது எந்தப் பல்லும் எந்தப் பல்லிலிருந்தும் விலகுவதில்லை. எந்த உறுப்பைப் பிடிப்பது, எதை விடுவது என்பது மட்டுமே மாறுகிறது. ஒரு பிடி தளரும்போதே மறுபிடி இறுகுகிறது. ஆகவே விசை அறுபடாமல் சக்கரத்தைச் சென்றடைகிறது. கைமுறையின் ஒரே பெருங்குறை இங்கே இல்லை.

1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக் பெட்டியே பெருமளவில் விற்பனையான முதல் முழுத் தானியங்கி. அதன் பின்வந்தவை நெடுங்காலம் மந்தமானவை என்னும் பெயரைச் சுமந்தன. அது காரணமற்ற பழியும் அன்று. எண்ணெய் வழுக்கலால் ஆற்றல் வீணானது. கியர்கள் இரண்டோ மூன்றோதான் இருந்தன. பின்னர் முறுக்கு மாற்றியைத் தேவையான நேரத்தில் இறுகப் பூட்டும் கிளட்ச் வந்தது. கியர்கள் எட்டு, பத்து எனப் பெருகின. கட்டுப்பாடு கணினியின் கைக்குச் சென்றது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கருவிக்குரிய தீர்ப்பை இன்றைய கருவிக்கும் வழங்குவது முறையன்று.

6. மாற்றுவித்தல்: இடைவகைகள்

1989ஆம் ஆண்டு பிரேசில் பந்தயத்தில் ஃபெராரி அணியின் நைஜல் மேன்செல், திசைமாற்றிச் சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு தகடுகளை விரலால் இழுத்துக் கியர் மாற்றும் காரில் வென்றார். சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் முழுவதும் அம்முறைக்கு மாறியது. கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணியிலும், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010ஆம் ஆண்டு ஹிஸ்பானியா அணியிலும் ஓட்டிய கார்கள் இவ்வகையினவே.

கியர் முழுமையாகத் தானே மாறும் அமைப்பை 2004ஆம் ஆண்டு முதல் ஃபார்முலா ஒன் விதிகள் தடை செய்துள்ளன. தொழில்நுட்பம் இல்லாததால் அன்று. இருந்ததால் தடை செய்தனர். எப்போது மாற்றுவது என்னும் முடிவு ஓட்டுநருடையதாக இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. செய்வது எந்திரம், செய்விப்பது மனிதர். காரணவினை என்னும் இலக்கணக் குறியீட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சாலைக் கார்களில் இதன் உறவுமுறையாக இரட்டைக் கிளட்ச் பெட்டி விளங்குகிறது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்று. மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காம் கியர் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விலகுகையில் மற்றது சேரும். 2003ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் இதைப் பெருமளவு உற்பத்திக் காரில் கொண்டுவந்தது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த நிசான் ஜிடிஆர் இவ்வகைப் பெட்டியுடன் மட்டுமே விற்கப்பட்டது.

இதன் எதிர்முனையில் ஏஎம்டி எனப்படும் எளிய அமைப்பு இருக்கிறது. சாதாரணக் கைமுறைப் பெட்டியின் கிளட்சையும் தண்டையும் காலுக்கும் கைக்கும் பதிலாகச் சிறு கருவிகள் இயக்கும். இந்தியாவில் 2014ஆம் ஆண்டு மாருதி செலெரியோ காரில் இது அறிமுகமாகி, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கிளட்சிலிருந்து விடுதலை தந்தது. நகர நெரிசலுக்கு இது போதும். ஆனால் விசை அறுபடும் குறை அப்படியே இருப்பதால் பந்தயத்திற்கு ஏற்றதன்று.

7. நேர்கோட்டுப் பந்தயத்தில் எது வெல்லும்?

நேர்கோட்டுப் பந்தயத்தில் வளைவு இல்லை. முன்னோக்கிக் காணவேண்டிய எதுவும் இல்லை. ஆகவே கண்ணுக்குள்ள சிறப்பு அங்கே பயன்படுவதில்லை. பயன்படுவன இரண்டு: புறப்பாடு, ஒருசீர்மை.

புறப்பாட்டில் கைமுறை ஓட்டுநர் கிளட்சைச் சற்று வேகமாக விட்டால் சக்கரம் வழுக்கும். சற்று மெதுவாக விட்டால் நேரம் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மிகக் குறுகியது. தானியங்கியில் ‘டிரான்ஸ்பிரேக்’ என்னும் ஏற்பாடு உண்டு. முன்செல்லும் கியரும் பின்செல்லும் கியரும் ஒரே நேரத்தில் பூட்டப்படுவதால் பெட்டி அசையாமல் நிற்கும். ஓட்டுநர் முடுக்கியை முழுவதும் மிதித்து, இயந்திரம் முறுக்கு மாற்றியை எதிர்த்துத் திமிறும் நிலையில், விரலால் ஒரு பொத்தானை அழுத்திக் காத்திருப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை விட்டால் பின்செல்லும் கியர் விலகும், கார் பாயும். புறப்பாடு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

ஒருசீர்மையின் மதிப்பு, நேரத்தை முன்கூட்டிச் சொல்லி ஓடும் போட்டியில் நன்கு புலப்படும். தம் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று ஓட்டுநர் முன்பே எழுதித் தரவேண்டும். மெதுவான கார் அந்த வேறுபாட்டளவு முன்னதாகப் புறப்படும். எழுதியதைவிட விரைவாக ஓடினாலும் தோல்விதான். இங்கே வெல்வது மிகு வேகமன்று, சொன்னதைச் செய்யும் நம்பகம். 1950ஆம் ஆண்டு ஷெவ்ரலே கார்களுக்காக வந்த பவர்கிளைடு என்னும் இரண்டே கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி, சாலையிலிருந்து மறைந்து நெடுங்காலமாகியும் நேர்கோட்டுப் பந்தயத்தில் இன்றும் வாழ்வதற்கு இதுவே காரணம். மாறும் இடம் ஒன்றே. பிசகும் இடமும் ஒன்றே.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களும் இவ்வழியில் வந்துவிட்டன. 2018ஆம் ஆண்டு மாதிரியான டாட்ஜ் டீமன் தானியங்கிப் பெட்டியுடனும் டிரான்ஸ்பிரேக்குடனும் விற்கப்பட்டுக் கால் மைலை 9.65 நொடியில் கடந்தது.

இதனால் கைமுறை முற்றிலும் தோற்றது என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் ‘புரோ ஸ்டாக்’ பிரிவில் ஐந்து கியர்களையும் ஓட்டுநரே அடுத்தடுத்து மாற்றுகிறார். புறப்பட்டபின் கிளட்ச் மிதியைத் தொடாமல் மாற்றும் தனிவகைப் பெட்டி அது. அனைத்திலும் விரைவான ‘டாப் ஃப்யூவல்’ கார்களோ நம் விவாதத்தையே பொருளற்றதாக்குகின்றன. மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும் அக்கார்களில் மாறும் கியரும் இல்லை, மாற்றும் கியரும் இல்லை. ஒரே விகிதம்; அடுக்கு அடுக்கான கிளட்ச் தட்டுகள் நேரக் கணக்குப்படி சிறிது சிறிதாக இறுகுகின்றன. விபத்து ஒன்று நேர்ந்தபின், 2008ஆம் ஆண்டு அப்பிரிவின் தொலைவை 1,000 அடியாக, அதாவது ஏறத்தாழ 305 மீட்டராகக் குறைத்தனர்.

ஆகவே விடை இவ்வாறு அமையும்: சாலையிலும் ஓட்டி, தடத்திலும் ஓட்டும் ஒரே காருக்கு நேர்கோட்டில் தானியங்கியே பெரும்பாலும் விரைவானது, நம்பகமும் அதற்கே மிகுதி. திறனைத் தாமே வளர்த்துக்கொள்ளும் மகிழ்ச்சியை நாடுவோருக்குக் கைமுறை. 2019ஆம் ஆண்டு டொயோட்டா புதிய சூப்ராவைத் தானியங்கியாக மட்டும் வெளியிட்டது. ஆர்வலர் விரும்பியதால் 2022இல் கைமுறையையும் அறிவித்தது. விரைவுக்காக அன்று, விருப்பத்திற்காக.

8. வளைவுள்ள தடமும் அன்றாடச் சாலையும்

சிங்கப்பூரின் பழைய பந்தயத் தடம் அப்பர் தாம்சன் சாலையில் இருந்தது. 1961 முதல் 1973 வரை ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச் சாலையை மூடி அங்கே பந்தயம் நடத்தினர். கொண்டையூசி வளைவுகளும் பாம்புபோல் நெளியும் பகுதியும் நீண்ட நேர்பாதையும் கலந்த தடம் அது. அத்தகைய இடத்தில், வளைவுக்கு முன் கீழ்க் கியருக்கு இறங்கி, இயந்திரத்தின் எதிர்ப்பையும் தடையாகப் பயன்படுத்தி, வளைவினூடே கியர் மாறாமல் காரை நிலையாக வைத்திருப்பது கைவந்த கலை. அக்காலத் தானியங்கிகள் வளைவின் நடுவே தாமாக மாறிக் காரின் சமநிலையைக் குலைத்துவிடும். கைமுறையே சிறந்தது என்னும் மதிப்பீடு அத்தகைய தடங்களில் பிறந்தது. அங்கே அது உண்மை.

தமிழகத்திலும் இதே வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர் பந்தயங்கள் நடத்தினர். 1990ஆம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் அவ்விடத்தைப் பெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, இளையர் பலர் குறைந்த செலவில் இவ்விளையாட்டைக் கற்க வழிசெய்தார். செட்டிப்பாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கெல்லாம் கற்றவர்கள் கைமுறையிலேயே கற்றனர். கையும் காலும் காதும் சேர்ந்து ஒரு பாடமாயின.

அன்றாடச் சாலைக்கு வருவோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி வார இறுதியில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசையை எண்ணிப் பாருங்கள். கைமுறை ஓட்டுநரின் இடக்கால் நூற்றுக்கணக்கான முறை கிளட்சை மிதித்து விடவேண்டும். அங்கே தானியங்கியே பேருதவி என்பதில் ஐயமில்லை. மறுபுறம், வேலைவாய்ப்பை எண்ணினால் கைமுறையைக் கற்பதில் பயன் உண்டு. சிங்கப்பூரில் வகுப்பு 3ஏ உரிமம் பெற்றவர் கிளட்ச் மிதி இல்லாத வாகனங்களை மட்டுமே ஓட்டலாம். வகுப்பு 3 உரிமம் இரண்டுக்கும் செல்லும். சரக்கு வேன்களிலும் சிறு லாரிகளிலும் கைமுறை இன்னும் இருப்பதால், பிழைப்புக்காக ஓட்டுவோர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

9. ஓட்டுதல் யாருடைய வினை?

மாறு, மாற்று, மாற்றுவி ஆகிய மூன்றும் கியரைப் பற்றியவை. ஆனால் ஓடு – ஓட்டு என்னும் இணை இன்னும் இருக்கிறது. கியர் தானே மாறினும் கார் தானே ஓடுவதில்லை; ஒருவர் ஓட்டுகிறார். தானியங்கிக் கியர் ஒரே ஒரு வினையை மட்டும் பிறவினையிலிருந்து தன்வினைக்கு மாற்றியிருக்கிறது. ‘ஓட்டு’ என்னும் வினை அன்றும் இன்றும் பிறவினையே. அதன் எழுவாய் மனிதரே.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விபத்துக்குப் பின் பேசும் பேச்சில் வினைகள் ஓசையின்றி வடிவம் மாறிவிடுகின்றன. ‘காரைத் திருப்பினேன்’ என்று சொல்லவேண்டியவர் ‘கார் திரும்பிவிட்டது’ என்கிறார். ‘மோதினேன்’ என்பது ‘மோதிவிட்டது’ ஆகிறது. ‘விடு’ என்னும் துணைவினை சேர்ந்ததும் செயல் யாருடைய விருப்பமும் இன்றி நிகழ்ந்ததுபோல் தோன்றுகிறது. மொழி தரும் இவ்வசதியைப் பொறுப்பிலிருந்து நழுவும் வழியாக்கிக்கொள்வது எளிது. காரின் ஆற்றல் கூடக்கூட, கருவிகள் மிகுதியாக உதவ உதவ, இந்நழுவல் இன்னும் எளிதாகிறது. சிறிதும் பயிற்சியில்லாத ஒருவரும் இன்று காலை அழுத்தினாலே போதும். சில நொடிகளில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம். முற்காலத்தில் கைமுறைக் கியரைக் கற்பதற்கு ஆன காலமே வேகத்தை அறியும் காலமாகவும் இருந்தது. அக்கால இடைவெளி இப்போது இல்லை.

சிங்கப்பூரின் விரைவுச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 70 முதல் 90 கிலோமீட்டர்வரை. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவோருக்குச் சட்டம் சிறைத் தண்டனை விதிக்க இடந்தருகிறது. வாகனத்தைப் பறிமுதல் செய்யவும் இயலும். தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்று, எதிரே வருபவர் இப்பந்தயத்தில் சேர ஒப்பவில்லை என்பதற்காகவும் அதை விலக்கவேண்டும். மூடிய தடத்தில் உடன் ஓடுபவர் தம் விருப்பத்தோடு அங்கே நிற்கிறார். பொதுச் சாலையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. வேக விருப்பமுள்ள இளையர்க்குத் தடத்தைக் காட்டுவதே முறை. விருப்பத்தைப் பழிப்பதால் பயனில்லை.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். கைமுறை, தானியங்கி என்னும் இருமைப் பகுப்பு போதாது; மாற்றுதல், மாறுதல், மாற்றுவித்தல் என்னும் முக்கூற்றுப் பகுப்பே உண்மைக்கு நெருக்கமானது. நேர்கோட்டுப் பந்தயத்தில் விசை அறுபடாமையும் ஒருசீர்மையும் தானியங்கிக்கு முதன்மை தருகின்றன. வளைவுள்ள தடத்தில் முன்னோக்கி முடிவெடுக்கும் ஓட்டுநருக்கு மாற்றுவிக்கும் கருவியே இன்று உயர்ந்த துணை. கற்பதற்கும் எளிய பராமரிப்புக்கும் கைமுறை இன்றும் நன்று.

இவ்விவாதத்திற்கு நீண்ட ஆயுள் இல்லை என்பதும் உண்மை. மின்சார இயந்திரம் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையைத் தருவதால் பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே விகிதம் போதும். 2030ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரியாற்றலில் இயங்கவேண்டும் என்பது அரசின் திட்டம். நம் பேரப்பிள்ளைகளுக்குக் கியர் தண்டு அருங்காட்சியகப் பொருளாகலாம்.

அன்றும் மொழி இருக்கும். ஓட்டுநரில்லாக் கார்கள் பெருகும்போது ‘ஓடியது’, ‘ஓட்டினார்’, ‘ஓட்டுவித்தனர்’ ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்னும் கேள்வி நீதிமன்றத்திலும் எழும், காப்புறுதி அலுவலகத்திலும் எழும். அக்கேள்வியைத் தெளிவாகக் கேட்கும் ஆற்றல் தமிழின் வினையமைப்பில் இருக்கிறது. புதிய கருவிக்குப் புதிய பெயர் சூட்டுவதோடு நம் பணி முடிவதில்லை. அக்கருவி எதைச் செய்கிறது, எதை நம்மிடம் விட்டுவைக்கிறது என்பதைச் சரியான வினையால் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும். கியர் மாறுகிறது, கார் ஓடுகிறது, ஓட்டுபவர் நாம்.